வண்டி திருடு போச்சா? சிஎஸ்ஆர் ரசீதோட திரும்பி வராதீங்க: முதல் தடவையா ஸ்டேஷன் போறவங்களுக்கு

எங்க சித்தப்பா பையனோட பைக் ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல இருந்து காணாமப் போச்சு. ராத்திரி சாப்பிட்டுட்டு வெளிய வந்து பாத்தா வண்டி நின்ன இடத்துல வேற ஒரு ஸ்கூட்டி நிக்குது. யாராவது ஃப்ரெண்டு எடுத்துட்டுப் போயிருப்பான்னு ரெண்டு நாள் அவனே சுத்தித் தேடினான், மூணாவது நாள் ஸ்டேஷன் போனான், எழுதிக் கொடுத்தான், ஒரு சின்ன ரசீது கொடுத்தாங்க, அதை மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு வந்துட்டான். ஒரு மாசம் கழிச்சு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல எஃப்ஐஆர் காப்பி கேட்டப்ப இந்த ரசீதை எடுத்து நீட்டியிருக்கான். "தம்பி, இது சிஎஸ்ஆர், எஃப்ஐஆர் இல்ல"ன்னு அங்க சொன்னப்பதான் அவனுக்கு ரெண்டும் வேற வேறன்னே தெரிஞ்சுது (சிஎஸ்ஆர் மனுவை வாங்கினதுக்கு ரசீது, எஃப்ஐஆர்தான் வழக்குப் பதிவு). அதுக்கப்புறம் அலைஞ்ச அலைச்சல்ல பாதி நானும் கூடவே அலைஞ்சேன். அதனாலதான் இவ்ளோ விவரமா எழுதுறேன், யாருக்காவது உதவும். தமிழ்நாட்டு நடைமுறையை வச்சு எழுதுறேன், சட்டம் இந்தியா முழுக்க ஒண்ணுதான்.

வண்டியக் காணோம்னு தெரிஞ்ச முதல் ஒரு மணி நேரம்

பதட்டத்துல கை கால் ஓடாது, ஆனாலும் மூணு விஷயத்தை மட்டும் செக் பண்ணிடுங்க. ஒண்ணு, நோ பார்க்கிங்ல நிறுத்தி டிராஃபிக் போலீஸ் தூக்கிட்டுப் போயிருக்காங்களா. ரெண்டு, டியூ பாக்கி இருந்தா ஃபைனான்ஸ்காரங்க எடுத்துட்டாங்களா. மூணு, வீட்டு ஆளுங்க யாராவது ஸ்பேர் சாவி போட்டு எடுத்துட்டாங்களா. இதுக்கு அரை மணி நேரம் போதும், எங்க தம்பி மாதிரி ரெண்டு நாள் எடுத்துக்காதீங்க.

மூணும் இல்லன்னா உடனே 112க்கு ஒரு போன் போடுங்க, 100க்குப் போட்டாலும் சரி. வண்டி நம்பர், கலர், எந்த இடம்னு சொல்லுங்க. இதனால வண்டி அப்பவே கிடைச்சிரும்னு சொல்லல, ஆனா எத்தனை மணிக்கு நீங்க போலீஸுக்குச் சொன்னீங்கன்னு ஒரு பதிவு விழுந்திடும், உங்க கால் லாக்கும் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

அப்புறம் பக்கத்துல இருக்கிற கடை, ஏடிஎம், வீடு எதுலயாவது கேமரா இருக்கான்னு பாருங்க. பல கடைகள்ல பழைய ரெக்கார்டிங் சில நாள்ல தானா அழிஞ்சிடும். கடைக்காரர்கிட்ட பதமா பேசி அந்த நேரத்து ஃபுட்டேஜை அழியாம எடுத்து வைக்கச் சொல்லுங்க, முடிஞ்சா ஸ்கிரீனை உங்க போன்லயே வீடியோ எடுத்துக்குங்க. ஸ்டேஷனுக்குப் போறப்ப "சார், இந்த கேமராவுல இத்தனை மணிக்கு இவன் தள்ளிட்டுப் போறது தெரியுது"ன்னு சொன்னா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

கார்னா ஃபாஸ்டேக் இருக்கும்ல, அதை அவசரப்பட்டு பிளாக் பண்ணிடாதீங்க. வண்டி டோல்கேட்டைத் தாண்டினா உங்க போனுக்கு மெசேஜ் வரும், எந்த டோல், எத்தனை மணின்னு. அதை விசாரிக்கிற அதிகாரிகிட்ட காட்டிட்டு, அவர் சொன்னதுக்கப்புறம் பிளாக் பண்ணலாம். அதே மாதிரி திருடு போன வண்டிக்கு டிராஃபிக் அபராத மெசேஜ் வந்தாலும் எரிச்சல்ல டெலீட் பண்ணாதீங்க, அதுல இடமும் நேரமும் இருக்கும், சில சமயம் ஓட்டுனவன் போட்டோவே இருக்கும்.

எந்த ஸ்டேஷன்?

வண்டி நின்ன இடம் எந்த ஸ்டேஷன் லிமிட்டோ அங்க போறதுதான் நல்லது, ஏன்னா விசாரணை அங்கதான் நடக்கும். சென்னை மாதிரி சிட்டியில ஒரே ஸ்டேஷன்ல சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப் பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர்னு தனித்தனியா இருப்பாங்க, வண்டி திருட்டு குற்றப் பிரிவுக்குப் போகும், "கிரைம்ல யாரைப் பாக்கணும்"னு கேட்டுட்டுப் போங்க.

எந்த லிமிட்னே தெரியல, இல்ல வெளியூர் போன இடத்துல திருடு போச்சு, வீட்டுக்கு வந்துட்டீங்கன்னா? எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமா பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்குப் பதிலா வந்த குற்ற நடைமுறைச் சட்டம்), அதோட 173வது பிரிவுலயே குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதியணும்னு இருக்கு. இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்றாங்க, நம்பர் பூஜ்யம் போட்டு பதிஞ்சு சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவாங்க. "இது எங்க லிமிட் இல்லம்மா"ன்னு யாராவது சொன்னா "ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அனுப்பிடுங்க சார்"னு மரியாதையா கேளுங்க.

அதே 173வது பிரிவுல ஆன்லைன் மூலமா தகவல் கொடுக்கவும் வழி இருக்கு, ஆனா கொடுத்தவங்க 3 நாளுக்குள்ள நேர்ல போய் கையெழுத்துப் போடணும், அப்பதான் அது பதிவுக்கு வரும். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல புகார் அனுப்பினா ஒரு நம்பர் வரும், அந்த நம்பரை எஃப்ஐஆர்னு நினைச்சு வீட்டுல உக்காந்திடாதீங்க. இன்னொரு குழப்பமும் இருக்கு. அதே தளத்துல தொலைஞ்சு போன ஆவணத்துக்கான ரிப்போர்ட் நீங்களே எடுத்துக்கலாம், எல்டிஆர்னு சொல்வாங்க. சிலர் வண்டியோட ஆர்சி புக்கும் போச்சேன்னு எல்டிஆர் மட்டும் எடுத்துட்டு புகார் கொடுத்தாச்சுன்னு நினைச்சுக்கிறாங்க. அது ஆவணம் தொலைஞ்சதுக்கு மட்டும்தான், திருட்டுக்குச் செல்லாது.

புகார் எழுதுறதுலதான் பாதி விஷயம் இருக்கு

வாயால சொன்னாலும் அவங்க எழுதி, உங்களுக்குப் படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கணும்னு சட்டம் இருக்கு. ஆனாலும் நீங்களே எழுதிட்டுப் போனா நல்லது, என்ன எழுதினோம்ங்கிறது உங்க கையில இருக்கும். எங்க தம்பி எழுதினது இவ்ளோதான்: "எனது வண்டியைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதுல திருட்டுங்கிற வார்த்தையே இல்ல பாருங்க. காணாமப் போன பொருளை தேடித் தாங்கங்கிற மனு மாதிரி இருக்கு, அதனால சிஎஸ்ஆர் போட்டு அனுப்புறதுக்கு அவங்களுக்கும் சுலபமாப் போச்சு. இப்படி எழுதணும்:

"ஐயா, எனக்குச் சொந்தமான கருப்பு நிற இருசக்கர வாகனம், பதிவு எண் (இங்க நம்பர்), இன்ஜின் எண், சேசிஸ் எண் (இதையும் முழுசா). இந்த வண்டியை 12ஆம் தேதி மாலை சுமார் 6.30 மணிக்கு (இங்க மண்டபத்தோட பேர், இடம்) மண்டபத்தின் வாசலில் சைடு லாக் போட்டு நிறுத்திவிட்டு உள்ளே சென்றேன். இரவு சுமார் 9.45 மணிக்கு வந்து பார்த்தபோது வண்டியைக் காணவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தும் தேடியும் கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாத நபர் யாரோ எனது வண்டியைத் திருடிச் சென்றுவிட்டார். எனவே வழக்குப் பதிவு செய்து, வண்டியைக் கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"திருடிச் சென்றுவிட்டார்", "வழக்குப் பதிவு செய்து", இந்த ரெண்டும் கண்டிப்பா இருக்கணும். கடைசியா எப்ப பாத்தீங்க, எப்ப காணோம்னு தெரிஞ்சுது, ரெண்டு நேரமும் இருக்கணும். டேங்க்ல இருக்கிற கீறல், ஒட்டியிருக்கிற சாமி ஸ்டிக்கர், மாத்தின சைலன்சர், இதெல்லாம் எழுதுங்க, நம்பர் பிளேட்டைத்தான் முதல்ல கழட்டுவாங்க, அதுக்கப்புறம் அடையாளம் காட்டுறது இதுதான். வண்டிக்குள்ள லேப்டாப், பணம், ஆர்சி ஒரிஜினல் இருந்திருந்தா அதையும் சேர்த்துடுங்க, பின்னால சேர்க்க முடியாம கஷ்டப்படுவீங்க.

பொய் மட்டும் எழுதாதீங்க. சாவியை வண்டியிலயே விட்டுட்டு டீ குடிக்கப் போயிருந்தா அதை மறைச்சு எழுதணும்னு தோணும், இன்சூரன்ஸ் கிடைக்காதோன்னு பயம் வரும். ஆனா கேமராவுல தெரிஞ்சிடும், அப்புறம் உங்க புகார் முழுசையும் நம்ப மாட்டாங்க. பொய்த் தகவல் கொடுக்கிறது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ், அதோட 217வது பிரிவுல தனிக் குற்றம் வேற.

ரெண்டு காப்பி எடுத்துக்குங்க, கூட ஆர்சி, இன்சூரன்ஸ், ஆதார் ஜெராக்ஸ். ஆர்சி கையில இல்லன்னா டிஜிலாக்கர் ஆப்லயோ எம்பரிவாகன் ஆப்லயோ எடுத்துக்கலாம், சேசிஸ் நம்பர் பாலிசியிலயும் இருக்கும்.

ஸ்டேஷனுக்குள்ள: சிஎஸ்ஆர் வேற, எஃப்ஐஆர் வேற

சிஎஸ்ஆர்ங்கிறது உங்க மனுவை வாங்கிட்டோம்ங்கிறதுக்கு ரசீது. அவ்ளோதான். அதுல வழக்கு எண் இருக்காது, கோர்ட்டுக்குப் போகாது, விசாரணை அதிகாரின்னு சட்டப்படி யாரும் இல்ல. எஃப்ஐஆர்னா மேல "முதல் தகவல் அறிக்கை"ன்னு இருக்கும், குற்ற எண் இருக்கும், பிரிவு இருக்கும், காப்பி மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். வண்டி திருட்டுக்கு இப்ப போடுற பிரிவு பிஎன்எஸ் 303(2), முன்னாடி ஐபிசி 379ன்னு இருந்தது, 3 வருஷம் வரைக்கும் தண்டனை. சரக்கோ பயணிகளோ ஏத்துற வண்டியா இருந்தா 305 வரும், அதுல 7 வருஷம் வரைக்கும் இருக்கு.

வண்டி திருட்டுங்கிறது வாரண்ட் இல்லாமலே கைது பண்ணக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் நடந்ததா புகார்ல தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்குல 2013 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதிகள் உக்காந்து சொல்லிட்டாங்க. புதுச் சட்டத்துல ஒரு சின்ன மாற்றம் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்குங்க. 3 வருஷத்துல இருந்து 7 வருஷத்துக்குக் கீழ தண்டனை உள்ள குற்றங்கள்ல டிஎஸ்பி அனுமதி வாங்கி, 14 நாளுக்குள்ள முதற்கட்ட விசாரணை பண்ணிட்டு எஃப்ஐஆர் போடலாம்னு பிஎன்எஸ்எஸ் 173(3) சொல்லுது. அதனால "விசாரிச்சுட்டு போடுறோம்"னு சொன்னாங்கன்னா "டிஎஸ்பி அனுமதி வாங்கியாச்சாங்க, 14 நாள் எந்த தேதியில முடியுது"ன்னு கேட்டு குறிச்சுக்குங்க. அனுமதியும் இல்லாம தேதியும் இல்லாம "பாத்துக்கலாம்"னு விடுறதுக்கு சட்டத்துல இடமில்ல.

சண்டை போட வேணாம், இதை அனுபவத்துல சொல்றேன். ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கிற ரைட்டர் அண்ணன்கிட்ட "இன்சூரன்ஸ் கம்பெனியில எஃப்ஐஆர் இல்லாம வாங்க மாட்டேங்கிறாங்க அண்ணே, வழக்குப் பதிவு பண்ணிக் கொடுங்க"ன்னு நேரா கேளுங்க. அன்னைக்கு சிஎஸ்ஆர்தான் கிடைச்சுதுன்னா வாங்கிக்குங்க, வேணாம்னு சொல்லாதீங்க, புகார் கொடுத்த தேதிக்கு அது ஆதாரம். ஆனா அதோட முடிஞ்சதுன்னு நினைக்காம மறுநாளும் போங்க.

எஃப்ஐஆர் போட்டதும் ஒரு காப்பி உங்களுக்கு இலவசமா கொடுக்கணும், இது 173(2). கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், சம்பவ தேதி, நேரம் நாலையும் ஒவ்வொரு எழுத்தா பாருங்க. சேசிஸ்ல ஒரு எழுத்து மாறினாலும் இன்சூரன்ஸ்ல தடை போடுவாங்க, கண்டுபிடிச்ச வண்டி உங்களதுதான்னு நிரூபிக்கவும் சிரமம். எஃப்ஐஆரை 24 மணி நேரத்துல இணையத்துல ஏத்தணும்னு 2016ல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவும் இருக்கு, தமிழ்நாடு போலீஸ் தளத்துல மாவட்டம், ஸ்டேஷன், குற்ற எண் போட்டு எடுத்துக்கலாம்.

போட மாட்டேன்னு சொன்னா

அதே புகாரை எஸ்பிக்கு எழுத்து மூலமா தபால்ல அனுப்புங்க, சிட்டின்னா துணை கமிஷனருக்கு. ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகை கேட்டு அனுப்புங்க, ரசீதைத் தொலைச்சிடாதீங்க. 173(4) சொல்ற வழி இதுதான். எஸ்பி ஆபீஸ்ல மனு நாள்ல நேர்லயும் கொடுக்கலாம். எங்க தம்பிக்கு இதுலயே வேலை முடிஞ்சுது, தபால் போய்ச் சேர்ந்த வாரமே ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டு எஃப்ஐஆர் போட்டாங்க. அதுக்கும் அசையலன்னா வக்கீல் வச்சு மாஜிஸ்திரேட்கிட்ட பிரமாணப் பத்திரத்தோட மனு போடலாம், 175(3). ஆனா எஸ்பிக்கு எழுதாம நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது, அந்த தபால் ரசீது அங்கதான் தேவைப்படும்.

இவ்ளோ ஏன் மெனக்கெடணும், பழைய வண்டிதானே, போனா போகுதுன்னு சிலர் சொல்றாங்க. அந்த வண்டியில போய் செயின் பறிச்சாங்கன்னா, யாரையாவது இடிச்சுட்டு ஓடினாங்கன்னா, நம்பரை வச்சு போலீஸ் வர்ற வீடு உங்க வீடுதான். மோட்டார் வாகனச் சட்டம் 133வது பிரிவுல ஓட்டுனது யாருன்னு சொல்ற பொறுப்பு ஓனருக்கு இருக்கு. அந்த சம்பவத்துக்கு முந்தைய தேதி போட்ட எஃப்ஐஆர் உங்ககிட்ட இருந்தா ஒரு தாளைக் காட்டிட்டு நிம்மதியா இருக்கலாம், இல்லாட்டி நீங்க சொல்றதை யார் நம்புறது?

இன்சூரன்ஸ்

வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா திருட்டுக்குப் பணம் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தா எஃப்ஐஆருக்காக காத்திருக்காம அன்னைக்கே கம்பெனிக்கு போன் பண்ணி கிளெய்ம் நம்பர் வாங்கிடுங்க. லேட்டாச்சுன்னா எல்லாம் போச்சுன்னு இல்ல. 2020 ஜனவரியில குர்ஷிந்தர் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னா, டிராக்டர் திருடு போன அன்னைக்கே எஃப்ஐஆர் போட்டாச்சு, இன்சூரன்ஸுக்கு 52 நாள் கழிச்சுதான் சொன்னாரு, அந்த ஒரு காரணத்துக்காக கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னுட்டாங்க. கவனிச்சுப் பாருங்க, அவரைக் காப்பாத்துனது அன்னைக்கே போட்ட எஃப்ஐஆர்தான். எங்க தம்பி அந்த ரெண்டு நாள் தாமதத்துக்கு தனியா விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியதாச்சு.

ரெண்டு சாவியும் கேப்பாங்க. ஒரு சாவி முன்னாடியே தொலைஞ்சிருந்தா அதை புகார்லயே எழுதிடுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி பேர் மாத்தாம ஓட்டிட்டு இருந்தா புகார் நீங்க கொடுக்கலாம், ஆனா பாலிசி பழைய ஓனர் பேர்ல இருக்கிறதால கிளெய்ம்ல மாட்டிக்குவீங்க, வாங்கின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ்ல பேர் மாத்தச் சொல்லியிருக்காங்க, தயவுசெஞ்சு மாத்திடுங்க. புது வண்டிக்கு தற்காலிகப் பதிவு முடிஞ்சும் நிரந்தரப் பதிவு பண்ணாம ஓட்டினப்ப திருடு போன ஒரு கேஸ்ல பணம் தர வேண்டியதில்லன்னு 2021ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

கிடைக்கப் போறது வாங்கின விலை இல்ல, ஐடிவி, அதாவது வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி கழிச்சு பாலிசியில போட்டிருக்கிற மதிப்பு. வண்டிக்கு வயசு ரெண்டுல இருந்து மூணுக்குள்ளன்னா 30 சதவீதம் கழிப்பாங்க, நாலுல இருந்து அஞ்சுன்னா 50. லோன் இருந்தா ஃபைனான்ஸ் பாக்கி போகத்தான் மீதி உங்களுக்கு, அதனால அவங்களுக்கும் எழுத்து மூலமா சொல்லிடுங்க, டியூ கட்டுறதை நிறுத்தாதீங்க. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி வண்டி கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் சான்று கேப்பாங்க, என்டிசின்னு சொல்வாங்க. இதுக்குத்தான் மாசக்கணக்கா ஆகும். விசாரணை எந்த அளவுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள புகார்தாரருக்குச் சொல்லணும்னு பிஎன்எஸ்எஸ் 193ல இருக்கு, அதைச் சொல்லி நியாயமா கேக்கலாம்.

ஆர்டிஓவுக்கும் எஃப்ஐஆர் காப்பியோட ஒரு கடிதம் கொடுங்க, வேற யாரும் அந்த நம்பர்ல பேர் மாத்த முடியாதபடி பதிவுல குறிப்பு ஏத்தச் சொல்லுங்க.

காசு கொடுத்து ஸ்டாண்டுல விட்ட வண்டின்னா டோக்கனைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. "வண்டி ஓனரே பொறுப்பு"ன்னு போர்டு வச்சிருப்பாங்க. ஆனா டெல்லியில ஒரு ஹோட்டல் வாலே பார்க்கிங்ல (ஹோட்டல் ஆளே சாவி வாங்கி நிறுத்துறது) விட்ட கார் திருடு போன வழக்குல, கவனக்குறைவு இருந்தா இப்படி எழுதி வச்சு தப்பிக்க முடியாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறதுக்கு அந்த டோக்கன்தான் ஆதாரம்.

வண்டி கிடைச்சிடுச்சுன்னா

எங்க தம்பி வண்டி ஏழு மாசம் கழிச்சு கிடைச்சுது, பக்கத்து மாவட்டத்துல, நம்பர் பிளேட் மாத்தி. கிளெய்ம் பணம் வர்றதுக்கு முன்னாடியே கிடைச்சதால வண்டி அவனுக்கு. பணம் வாங்கியிருந்தா வண்டி இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயிருக்கும், அவங்களுக்குச் சொல்லாம எடுக்கக் கூடாது.

ஸ்டேஷன்ல போய் கையெழுத்துப் போட்டு ஓட்டிட்டு வந்துடலாம்னு நினைப்போம், முடியாது. அது வழக்குச் சொத்து, கோர்ட்டுல மனு போட்டுத்தான் எடுக்கணும், பிஎன்எஸ்எஸ் 497 இல்ல 503, முன்னாடி சிஆர்பிசி 451, 457. ஸ்டேஷன் வாசல்ல வெயில்லயும் மழையிலயும் வண்டியைத் துருப்பிடிக்க விடக் கூடாது, போட்டோ எடுத்து வச்சுட்டு ஓனர்கிட்ட சீக்கிரம் கொடுத்திடணும்னு சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல 2002லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆர்சி ஒரிஜினல், எஃப்ஐஆர் காப்பி, ஜாமீன் பத்திரம் கேப்பாங்க. விக்கக் கூடாது, உருவம் மாத்தக் கூடாது, கூப்பிட்டா கோர்ட்டுக்குக் கொண்டு வரணும்னு நிபந்தனை போடுவாங்க. அவனுக்கு சேசிஸ் நம்பர் எஃப்ஐஆர்ல சரியா இருந்ததால மனு போட்டு மூணாவது வாரம் வண்டி கையில வந்துச்சு.

அந்த கோர்ட்டு உத்தரவோட ஒரு காப்பியை வண்டியிலயே வச்சிருங்க. இன்னொரு காப்பியை ஆர்டிஓவுல கொடுத்து, திருட்டு வண்டின்னு ஏத்தின குறிப்பை எடுக்கச் சொல்லுங்க. இதை நாங்க மறந்துட்டோம், அடுத்த மாசமே ஒரு வாகனச் சோதனையில நம்பரைப் போட்டதும் திருட்டு வண்டின்னு காட்டிடுச்சு, சொந்த வண்டியோட ரெண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்னான்.